ஸ்க்ரூ பக்கத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள்

டிரைவர் சீட்டைத் தூக்கினால் இன்ஜின் இருக்கும் அந்தக் காலத்துப் பெட்டி வேன். லீலா பதினோரு வருடமாக அடுப்பின்மேல் உட்கார்ந்துதான் பிழைக்கிறாள். செவ்வாய்தோறும் மைசூர் மைன்ஸ் என்கிற பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பின் கங்கம்மாவை, கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற, வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவாள். நிலையான சவாரி அது ஒன்றுதான்.

வண்டிக்கு ட்யூனிங் போடுகிறவர் அவள் புருஷன் பெரியசாமி. மலைமேட்டு ஊரான ராபர்ட்சன்பேட்டையில் ஷெட். மீட்டர் கிடையாது, காதுதான். பெண் பார்க்க வந்த அன்றே, ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய பதினாலே முக்கால் கிலோ காற்று வேண்டும் என்று சொன்னவர். மாப்பிள்ளை காற்றை நிறுத்து விற்கிறாரோ என்று பெண்வீட்டில் கொஞ்ச நேரம் குழம்பினார்கள். மைலேஜுக்காக அவர் பெட்ரோலை எப்போதும் ஒரு மயிரிழை குறைத்தே வைப்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

சிக்கல் என்னவென்றால், வண்டி வேலூரில் நின்றுவிடும். சிக்னலில் இருமும், கிளப்பினால் திணறும், அணையும். போன வாரம் ஆஸ்பத்திரி கேட்டிலேயே நின்று, பின்னால் ஆம்புலன்ஸ் அலறியது. வீட்டுக்கு வந்து சொன்னால் பெரியசாமி ஸ்டார்ட் செய்து பார்ப்பார். வாத்தியாரைக் கண்ட பையன்போல அது ஒழுங்காக ஓடும்.

“வண்டில ஒண்ணும் இல்ல. நீ கிளட்சுல கால வச்சிக்கினே ஓட்டற” என்று முடித்துவிடுவார்.

பெங்களூரிலிருந்து கங்கம்மாவின் மகன் ராஜ்குமார் போன் செய்தான். தப்பாக நினைக்க வேண்டாம் அக்கா, இன்னொரு தடவை அம்மா நடுரோட்டில் நின்றால் வேறு வண்டி பார்த்துவிடுவேன் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

அடுத்த செவ்வாய் பேரணாம்பட்டு மலைப்பாதையில் இறங்கும்போது கங்கம்மா காதுக்குள் விரலை விட்டு ஆட்டினாள். “காது அடைக்குது. சுரங்கத்துக்குள்ள கேஜ்ல எறங்கறப்ப இப்பிடித்தான் இருக்கும்னு எங்க ஊட்டுக்காரரு சொல்வாரு. கீழ போவப் போவ காத்து கனமாம்.”

வாராவாரம் அதே வளைவில் சொல்வதுதான். அன்றைக்குத்தான் லீலா காதில் விழுந்தது. கீழே காற்று கனம் என்றால், அதே மூச்சில் இன்ஜின் இழுக்கிற காற்றும் கூடும். பெட்ரோல் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. மேலே ஒரு மயிரிழைக் குறை, கீழே பட்டினி. பெரியசாமியின் காது தப்பில்லை. அது மலையை விட்டு இறங்கியதே இல்லை, அவ்வளவுதான்.

அடிவாரத்து டீக்கடையில் கங்கம்மாவை இறக்கி டீ வாங்கிக் கொடுத்தாள். சீட்டைத் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு, கார்புரேட்டரின் மிக்ஸர் ஸ்க்ரூவை மெல்லத் தளர்த்தினாள். தளர்த்தத் தளர்த்த பெட்ரோல் கூடும். கால் சுற்றில் இருமல் நின்றது. மகள் ஷாலினியின் நெயில் பாலிஷ் பையில் கிடந்தது. ஸ்க்ரூ முதலில் இருந்த இடத்துக்கு நேராக ஒரு புள்ளி, இப்போது நிற்கிற இடத்துக்கு நேராக ஒரு புள்ளி.

“இன்னா லீலா, வண்டிக்குமா பொட்டு?” என்றாள் கங்கம்மா.

அன்று ஆஸ்பத்திரி கேட்டில் கால் மணி நேரம் நெரிசல். வண்டி நிற்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் திரும்பி ஏறும்போது ஸ்க்ரூவைப் பழைய புள்ளிக்குத் திருப்ப மறந்துபோனாள். தெருமுனையிலேயே பெரியசாமிக்குச் சத்தத்தின் மாற்றம் கேட்டுவிட்டது. வந்து சீட்டைத் தூக்கினார். இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

“இன்னா இது?”

“இது நம்மூரு. அது வேலூரு.”

ஸ்க்ரூவை நம்மூருக்குத் திருப்பிவிட்டு உள்ளே போனார். சாப்பிடும்போது லீலா குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

அடுத்த செவ்வாய் காலை டீக்கடையில் சீட்டைத் தூக்கினாள். ஸ்க்ரூவின் தலையில் சின்னதாக ஒரு பித்தளை இறக்கை பற்றவைத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், விரலாலேயே திருப்பலாம். இறக்கையின் ஓரம் கையைக் கிழிக்காதபடி அரம் போட்டு மழுக்கியிருந்தது.

சாயங்காலம் வண்டி வந்ததும் பெரியசாமி ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“நின்னுச்சா?”

“இல்ல.”

“பின்ன? கிளட்சுல கால் வெக்காம ஓட்டினா ஏன் நிக்கப் போவுது?”