தெல்லெர்வோவின் சைக்கிள் கம்பி

ஏரி உறைவதற்குள் எங்கள் ஊரான புமாலாவில் படகுகளெல்லாம் கரையேறிவிடும். தெல்லெர்வோ பேக்கரியில் ரொட்டி சுடுகிறவள். ஆனால் அக்டோபர் வந்தால், பழைய சைக்கிள் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு, படகு என்ஜின்களில் தேங்கிய ஏரித் தண்ணீரை வடிக்கக் கிளம்பிவிடுவாள்.

அந்த வருடம் நானே என் படகு என்ஜினின் அடியில், தண்ணீர் வடிக்கும் திருகைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. படகை ஏற்றிய டிரெய்லருக்குக் கட்டை கொடுத்து, தார்ப்பாயை விரிக்கும்போது தெல்லெர்வோ வந்து நின்றாள். எனக்கு எரிச்சல்.

"எல்லாம் காஞ்சு கெடக்கு. நீ கெளம்பு."

"வாத்தியாரே, நீ சொன்னா பசங்க கேப்பாங்க. என்ஜின் கேக்குமா?"

படகில் ஏறிக் குப்புறப் படுத்தாள். கண்ணுக்கே தெரியாத அந்தத் திருகுத் துளைக்குள், என் முகத்தைப் பார்த்தபடியே கம்பியால் ஒரு குத்து குத்தினாள். அடைத்திருந்த துரு பெயர்ந்து தண்ணீர் பீறிட்டது. அரை வாளி இருக்கும்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"எங்க வீட்டு வாசல்ல கெடக்கிற என்ஜினைப் பார்த்திருக்கியா?"

பார்க்காதவர் யார்? விரல் நுழையும் அளவுக்குப் பிளந்துபோன இரும்பு அது.

"ஒரே ஒரு டம்ளர் தண்ணி. ஒறைஞ்சதும் பொளந்துடுச்சு. அன்னிக்கு நானும் காஞ்சு கெடக்குன்னுதான் சொன்னேன்."

"அதைத் தூக்கி எறிஞ்சிருக்கலாமே?"

கம்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எறிஞ்சிருந்தா, இன்னிக்கு உன் பேச்சை நம்பியிருப்பேன்."