மாமா கும்பிட்ட வளைவு

திருமங்கலத்துக்கு மேற்கே கரிசல் காட்டில், பைக் பந்தயத்துக்கென்றே ஒரு ரோடு போட்டிருந்தார்கள். கரிசல் மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். அதை ஆளுயரம் தோண்டி எடுத்துவிட்டுச் சரளை கொட்டித்தான் தார் போட்டார்கள். அப்படியும் மழைக்காலம் கழிந்தால் ரோடு அங்கங்கே அலையடித்துக் கிடக்கும். நேராகப் போக வேண்டிய இடத்தில் எங்கள் காளியம்மன் இருந்தாள். அவளை நகர்த்த யாருக்கும் துணிவில்லை. ரோட்டை வளைத்துவிட்டார்கள். ஓட்டுகிறவர்களுக்கு அந்த வளைவுதான் கண்டம். வேகத்தைக் குறைத்துத் திரும்பி, வண்டி நிமிர்ந்த மறுநொடி ஆக்ஸிலேட்டரை முறுக்க வேண்டும். தவறினால் அதற்கடுத்த நீளப் பாதையில் எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அங்கே ஓட்டினார். முந்தின வருடம் விழுந்து காலில் கம்பி வைத்திருந்தது. அம்மா எவ்வளவோ சொல்லியும் அவர் பந்தயத்தை விடவில்லை. அன்றைக்கு நடந்த பந்தயத்தில் முதல் மூன்று பேரில் வந்துவிட்டால் ஒரு கம்பெனி தன் அணியில் சேர்த்துக்கொள்வதாக இருந்தது. பந்தயத்துக்கு முன்னால் அம்மா அவர் கையை என் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

"ஆத்தாளத் தாண்டும்போதெல்லாம் கும்பிடணும்டா. வளைவுல வேணாம், வண்டி நிமிந்ததும்."

"ஓட்டிக்கிட்டே எப்படிக்கா ரெண்டு கையையும் எடுக்குறது?"

"ஒரு கை போதும். வலது கை. பீச்சாங்கையால கும்பிட்டுத் தொலைக்காத."

மாமா சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தார்.

சுற்றுக்குச் சுற்று வலது கையை எடுத்து ஹெல்மெட்டைத் தொட்டார். வண்டி தொய்ந்தது. பின்னால் வந்தவர்கள் முந்தினார்கள். மற்ற வளைவுகளில் அவர்களைப் பிடித்துவிட்டு, திரும்பவும் வந்து கும்பிட்டார். எங்கள் பக்கத்தில் நின்ற மெக்கானிக் அண்ணன் கம்பிவேலியில் முட்டிக்கொண்டார்.

"மாப்ள, நீ கைய எடுத்தா ஆக்ஸிலேட்டர யாருடா முறுக்குவா, ஆத்தாளா? எக்கா, ஒங்க தம்பிக்கு இன்னைக்கா பக்தி இம்புட்டுப் பொங்கணும்!"

அம்மா கண்ணை எடுக்காமல் வளைவையே பார்த்தாள். கடைசிச் சுற்றில் அந்த வளைவுக்கு மாமா மூன்றாவதாக வந்தார். இப்போது கும்பிடாமல் போய்விடுவாரோ என்று நான் என் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவர் கையெடுத்தார். நான்காவதாக முடித்தார்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தார். அம்மா அம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள்.

"மாமாதான் தோத்துட்டாரே, எதுக்கும்மா தேங்கா?"

"நேந்துக்கிட்டேன். செஞ்சுறணும்ல."

ஆத்தாள் குறை வைக்கவில்லை. மாமா இன்றைக்குப் பசுமலையில் ஒர்க்‌ஷாப் வைத்து, பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கிறார். அன்று எனக்கு அம்மாமேல் கோபம். சாமியைத் தவிர வேறென்ன தெரியும், வண்டியைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டேதான் அவள் வலது கையால் முறுக்கி ஓட்டிய ஸ்கூட்டரில் பின்னால் ஏறி, அவள் இடுப்பைப் பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தேன்.