டோக்கன் நம்பரோடு போன ரகசியம்

போன செவ்வாய்க்கிழமை என் மானம் கப்பலேறப் பார்த்தது. ஏற்றப் பார்த்தது வேறு யாருமில்லை... நானேதான்!

ஸ்ரீரங்கத்தில் ஒரு கிளினிக். எத்தனையாவது டோக்கன் ஓடுகிறது என்று நோயாளிகள் மொபைலிலேயே பார்த்துக்கொள்ள ஒரு வெப்சைட் செய்தோம். டோக்கன் நம்பர், பெயர், ரூம் நம்பர் — திரையில் இந்த மூன்றுதான். மறுநாள் தொடக்கம். தில்லை நகரில் உள்ள எங்கள் சாஃப்ட்வேர் ஆபீசில், மறுநாள் வரப்போகும் நோயாளிகளின் லிஸ்ட்டை கிளினிக்கிடம் வாங்கி வைத்து டெஸ்ட் செய்துகொண்டிருந்தோம்.

லிஸ்ட்டில் என் பெயரும் இருந்தது. "பி.பி. செக்கப்" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

எங்கள் டீம் ஸ்டெல்லா திரையோடு நிற்கிற ஆள் இல்லை. சர்வரிலிருந்து என்னென்ன வருகிறது என்று உள்ளே திறந்து பார்ப்பார். பார்த்தவர் மெல்ல என் பக்கம் வந்தார்.

"சார், ஒரு நிமிஷம் வெளிய வாங்க."

வராந்தாவில் குரலைத் தாழ்த்தினார்.

"ஸ்கிரீன்ல மூணு விஷயம்தான் தெரியுது. ஆனா நீங்க மொத்த ரெக்கார்டையும்ல அனுப்பியிருக்கீங்க? என்ன வியாதி, என்ன மாத்திரை... விஷயம் தெரிஞ்ச யாரு வேணா எடுத்துப் பார்க்கலாம். பந்தியில சாம்பார் கேட்டா அண்டாவையேவா தூக்கிட்டு வருவீங்க? வாளியில எடுத்துட்டு வாங்க சார்!"

எனக்கு வியர்த்துவிட்டது. ஆறு மாதமாக அங்கே நான் பார்ப்பது மனநல டாக்டரை. மனைவிக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும்... போகட்டும், சொன்னால்தான் நன்றி முழுசாகும்.

ஸ்டெல்லா சொன்ன வாளிக்குப் பெயர் டி.டி.ஓ. — டேட்டா டிரான்ஸ்ஃபர் ஆப்ஜெக்ட். ஆர்.டி.ஓ. தெரியும், இதென்ன என்கிறீர்களா? கேட்டவருக்குத் தேவையானதை மட்டும் அள்ளிக்கொண்டு போகும் சின்னப் பாத்திரம். பத்து வரி வேலை. சோம்பேறித்தனத்துக்கு 'நேரமில்லை' என்று பெயர் வைத்து, எழுதாமல் விட்டிருந்தேன். இருவரும் உட்கார்ந்து எழுதினோம். இப்போது அந்த மூன்று விஷயம் மட்டும்தான் வெளியே போகிறது.

"என்ன ஸ்டெல்லா, என்ன பிரச்னை?" என்று பக்கத்து சீட் ரமேஷ் கேட்டார். எனக்குத் திக்கென்றது.

"ஒண்ணுமில்ல ரமேஷ். தேவையில்லாதது கொஞ்சம் வெளிய போச்சு. நிறுத்தியாச்சு."

அவ்வளவுதான். என் ரெக்கார்டை அவர் பார்த்தாரா? பார்க்காமல் எப்படிக் கண்டுபிடித்திருப்பார்!

சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் என்னிடம் திரும்பினார்.

"சார், நாளைக்கு உங்களுக்கு பி.பி. செக்கப்ல? போயிட்டு வாங்க. ஆபீஸை நான் பார்த்துக்கறேன்."

பி.பி. என்றேதான் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி, ஸ்டெல்லா.

டி.டி.ஓ.வை நானெல்லாம் கோடிங்கில் எழுத வேண்டியிருக்கிறது. சிலருக்கு அது நாக்கிலேயே இருக்கிறது!