பக்கத்து சீட்டின் பெல்ட்

இதை நான் ஜோடிக்கவில்லை. ஜோடிக்கிற தெம்பும் எனக்கில்லை. காரை விற்று வெளியூருக்கு லாரியில் அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். நானும் எடுத்தேன். ஒவ்வொரு போட்டோவிலும் நேரம் பதிவாகியிருக்கிறது. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

அந்தக் காரை ஒரு ஷோரூமில் பழையதாக வாங்கினோம். ஏழு மாதம் ஓட்டினோம். ஒரு சாயங்காலம் தலைவலி மாத்திரை வாங்க மருந்துக்கடை முன்னால் நிறுத்தினேன். என் மனைவி வண்டியிலேயே இருந்தாள். ஆறு நிமிடம். திரும்பி வந்தபோது என் பக்கத்து சீட்டில், பெல்ட் போட்டபடி இறந்திருந்தாள். வயது இருபத்தொன்பது. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை.

பிறகு கார் வீட்டு வாசலில் நின்றது. அதைத் தாண்டாமல் வெளியே போக முடியாது. பத்து மாதம் தாண்டினேன். எப்படியாவது அது கண்ணை விட்டுப் போனால் போதும் என்றாகிவிட்டது.

தரகர் ஆள் பிடித்துக் கொடுத்தார். வெளியூர்க்காரர். போட்டோவைப் பார்த்தே பேசி முடித்துவிட்டார்.

"வண்டியில ஒரு சாவு நடந்திருக்கு. அவர்கிட்ட சொல்லிடலாமா?" என்றேன்.

"கேட்டா சொல்லுங்க சார். கேக்கலன்னா வாயத் தொறக்காதீங்க. நாம விக்கிறது வண்டிய. வரலாற இல்ல."

அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை, பகல் 2.10. லாரி ஷெட். கார்களை மேலும் கீழுமாக இரண்டு தட்டில் ஏற்றும் நீளமான லாரி. லாரி டிரைவர் காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு கீறலையும் தாளில் குறித்தார். காருக்குள் ஒரு குடைகூட இருக்கக் கூடாது என்றார். பெட்ரோல் கால் டேங்குக்கு மேல் வேண்டாம் என்றார். எல்லாம் சரியாக இருந்தது. வண்டி காலி. நானே துடைத்தேன்.

2.31. லாரியில் ஏற்றுவதற்காக அவர் காருக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து சீட்டில் இருக்கும் ஆள் பெல்ட் போடாவிட்டால் வருகிற சத்தம். சீட்டில் யாருமில்லை.

"பை கிய் வெச்சிருக்கீங்களா சார்?"

"இல்ல."

"சென்சார் போச்சு போல. வண்டிக்கும் வயசாகுதுல்ல" என்று சிரித்தார். கையை நீட்டி அந்த சீட்டு பெல்ட்டை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது.

2.38. கார் மேல்தட்டில் ஏறியது. அவர் இறங்கிச் சக்கரங்களைக் கட்டினார். கடைசி போட்டோவுக்காக நான் மேலே ஏறினேன். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன்.

காலி சீட்டில் மாட்டிய பெல்ட் சீட்டோடு ஒட்டிக் கிடக்க வேண்டும்.

கிடக்கவில்லை.

முன்னால் தள்ளி நின்றது. ஓர் ஆளின் உடம்பு அளவுக்கு.

பிறகு அசைந்தது. முன்னால் வந்தது... உள்ளே போனது... முன்னால் வந்தது...

மூச்சு.

2.41. போட்டோ எடுத்தேன். லாரியை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். அவள்தான் என்று நினைத்தேன். அவளுக்கு வெளியூர் போவதென்றால் கொள்ளை ஆசை.

"போய்ட்டு வா" என்றேன்.

பெல்ட் நின்றது.

மெதுவாக... என் பக்கம் திரும்பியது.

"சார், இறங்குங்க! லேட் ஆகுது!"

இறங்கினேன். லாரி போனது.

சனிக்கிழமை, வாங்கியவர் போன் செய்தார். "வண்டி சூப்பர் சார். கல்யாணமாகி மூணு மாசத்துல என் வொய்ஃப் இவ்ளோ சந்தோஷமா இருந்து பாத்ததில்ல. ரெண்டாவது சாவிய மட்டும் காணோமே?"

ஷோரூம்காரன் எனக்கே ஒரு சாவிதான் கொடுத்திருந்தான். சர்வீஸ் புத்தகத்தையும் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அதில் முதல் சொந்தக்காரரின் நம்பர் இருந்தது. வாங்கும்போதே அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

ஞாயிறு மாலை 5.52. முதல் சொந்தக்காரருக்குப் போன் போட்டுக் கார் நம்பரைச் சொன்னேன்.

"தம்பி... உங்க சம்சாரம் நல்லாருக்காங்களா?"

சொன்னேன்.

அவர் குரல் உடைந்தது. "என் சம்சாரமும் அந்த சீட்லதாம்பா. ஏடிஎம்ல பணம் எடுக்க இறங்கினேன். அஞ்சு நிமிஷம்கூட ஆகல. விக்கும்போது சொல்லியிருக்கணும். யாரும் கேக்கல..."

லாரியில் நான் வழியனுப்பியது என் மனைவியை இல்லை.

5.58. வாங்கியவருக்குப் போட்டேன்.

"சார், ஒரு நிமிஷம். கடையில பில் போட்டுட்டிருக்கேன்."

"உங்க வொய்ஃப் எங்க?"

"வெளிய, வண்டியில."

"ஓடுங்க."

"என்ன சார்?"

"ஓடுங்க!"

செருப்புச் சத்தம் கேட்டது. கார்க் கதவு திறந்தது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

மறுபடி கூப்பிட்டார்.

மூன்றாவது முறை வந்தது பெயரில்லை. வெறும் சத்தம்.