யாரும் மிதிக்காத உப்புத் தரை

என் திமிரால் ஒரு மனிதன் இடுப்பு வரை சேற்றில் கிடந்தான். அந்த நாளைப் பற்றித்தான் இந்தச் சாட்சி. சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் எல்லாரும் தங்களைப் பற்றி நல்லதாகவே சொல்கிறோம். என்னால் அப்படிச் சொல்ல முடியாது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் கர்த்தருக்குத் துரோகம் செய்தவன் ஆவேன்.

என் பெயர் தேவசகாயம். மரக்காணம்தான் ஊர். அப்பா, அம்மா இருவருக்கும் உப்பளத்தில் கூலி வேலை. நானும் இருபது வயசு வரை உப்பு வாரியவன்தான். பிறகு புதுச்சேரியில் டூரிஸ்ட் வண்டி ஓட்டினேன். ஒரு ஏஜென்ட் மூலம் தான்சானியாவில் ஒரு சஃபாரி கேம்புக்கு டிரைவராகப் போய், அங்கேயே கைடாகவும் ஆனேன். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குக் காட்டைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. சிங்கம் எந்த நிழலில் படுத்திருக்கும், யானை காதை விரித்தால் வண்டியை எவ்வளவு தூரம் பின்னால் எடுக்க வேண்டும், எல்லாம் அத்துப்படி. என்னோடு வண்டியில் வருபவன் சைமன். அந்த ஊர்க்காரன், என் வயசுக்காரன், என்னைவிட நல்ல கைடு.

எட்டு வருஷம் அங்கே இருந்தேன். என் மனைவி ஸ்டெல்லா போனில் கேட்பாள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனீங்களா என்று. ஞாயிறுதான் இங்கே டூரிஸ்ட் கூட்டம் என்று சொல்லித் தப்பிப்பேன். உண்மையில் நான் ஜெபிப்பதையே விட்டிருந்தேன்.

போன வருஷம் செப்டம்பர் மாதம். அங்கே அது வறட்சிக் காலம். சென்னையிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி, சோடா உப்பு படிந்து கிடக்கும் ஒரு ஏரியில் பூநாரைகளைக் கிட்டத்தில் படமெடுக்க ஆசைப்பட்டார்கள். ஏரி வற்றி, கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. பறவைகள் நடுவில் மிச்சமிருந்த தண்ணீரில் நின்றன. கரையிலேயே வண்டியை நிறுத்து, உள்ளே போகாதே என்று சைமன் சுவாஹிலியில் சொன்னான்.

"உப்பைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா? நான் அதுலயே பொறந்து வளர்ந்தவன்" என்றேன், அதே மொழியில். அவன் மறுபடியும் சொன்னான். நான் கியரைப் போட்டேன்.

நம்ம ஊரில் வெள்ளை பூத்த பாத்தியில் நடந்தால் கால் புதையாது. ஏன் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. சீசனுக்கு முன்னால் ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று, நாள் கணக்கில் களிமண்ணை மிதித்து மிதித்துத் தரையைக் கெட்டியாக்குகிறார்கள். என் அம்மாவின் பாதம் வெடித்துப் போனது அப்படி மிதித்துத்தான். அந்த ஏரியை யாரும் மிதித்ததில்லை. உப்பளத்தில் பிறந்த எனக்கு இது உறைக்கவில்லை.

நூறடி கூடப் போயிருக்க மாட்டோம். மேல் பாளம் உடைந்து முன் சக்கரம் இரண்டும் இறங்கின. அடியில் கறுப்புச் சேறு. சைமன் இறங்கி, பலகை கொடுத்து ஜாக்கி வைத்தான். ஜாக்கி வழுக்கியது. வண்டி சாய்ந்து அவன் இடது காலைச் சேற்றுக்குள் அழுத்திக்கொண்டது. இடுப்பு வரை புதைந்துவிட்டான்.

அப்போது காலை பத்து மணி. கேம்பைக் கூப்பிட வண்டி ரேடியோவில் சிக்னல் எடுக்கவில்லை. அந்தச் சேறு சுண்ணாம்பு மாதிரி தோலை அரிக்கும். நானும் அந்தக் கணவரும் கையாலேயே தோண்டினோம். தோண்டத் தோண்டச் சேறு வந்து மூடியது. அந்த அம்மா சைமன் தலைக்கு மேல் துப்பட்டாவைப் பிடித்தபடி அழுதுகொண்டே நின்றார். உச்சி வெயிலில் சைமனுக்குப் பேச்சு குழற ஆரம்பித்தது.

நான் வண்டிக்குப் பின்னால் போய் முட்டி போட்டேன். "ஆண்டவரே, இது என்னாலன்னு யாருக்கும் தெரியக் கூடாது." வெட்கத்தோடு சொல்கிறேன், பல வருஷம் கழித்து என் வாயில் வந்த முதல் ஜெபம் இதுதான். அதற்கு அப்புறம்தான் சைமனின் உயிரைக் கேட்டேன்.

இரண்டு மணி இருக்கும். ஏரிக்கரையில் சோடா உப்பைச் சுரண்டி விற்கிற பெண்கள் ஆறு பேர் கழுதைகளோடு வந்தார்கள். அவர்கள் வேலை செய்வது எதிர்க்கரையில். அன்று ஒரு கழுதை கயிற்றை அறுத்துக்கொண்டு இந்தப் பக்கம் ஓடி வந்திருக்கிறது. அதைத் தேடி வந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். சாக்குகளை விரித்து, அதன்மேல் குப்புறப் படுத்து, தகரத்தால் சேற்றை வாரி, கயிறு கட்டி இழுத்தார்கள். நாலு மணிக்குச் சைமன் கரையில் கிடந்தான். மறுநாள் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது.

கேம்ப் மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்து விசாரித்தார். வண்டியை உள்ளே விடச் சொன்னது தான்தான் என்று சைமன் சொல்லிவிட்டான். நாங்கள் பேசியது சென்னைக்காரர்களுக்குப் புரிந்திருக்கவில்லை. பொறுப்பில்லாத கைடு, இனிமேல் இவனுக்கு எங்களிடம் எந்த வேலையும் கிடையாது என்று மேனேஜர் எழுதிக்கொண்டு போனார். நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "எனக்கு இனிமே காடு இல்ல. உனக்காவது இருக்கட்டும்" என்றான் சைமன்.

நான் கேட்டது இரண்டு. இரண்டும் கிடைத்தன. அன்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், கர்த்தர் என்னைக் காப்பாற்றினார் என்று.

"ஏங்க, நீங்க ஜெபம் பண்ணது ஆண்டவர்கிட்டயா, வக்கீலுகிட்டயா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. மறுபடியும் முட்டி போட்டேன். முதலில் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று அழுதேன். குரல் எதுவும் கேட்கவில்லை. எழுந்து மேனேஜர் அறைக்குப் போனேன். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது, அது ஆண்டவர் கொடுத்தது என்றே நம்புகிறேன். உண்மையைச் சொன்னேன். என் வேலை போனது. சைமனைக் கேம்பின் ரேடியோ அறையில் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

கிளம்பும்போது அவனைப் பார்க்கப் போனேன். கோபிப்பான், இல்லை கட்டிப்பிடிப்பான் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. "உனக்கு இனிமே தூக்கம் வரும். எனக்கு அந்தக் கால் இன்னும் வலிக்குது" என்றான்.

இப்போது மரக்காணம், திண்டிவனம் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுப்பதில்லை. அன்பானவர்களே, நீங்களும் எதையாவது தப்பாகக் கேட்டு, அது கிடைத்தும் நிம்மதி இல்லாமல் இருந்தால், பயப்படாமல் மறுபடியும் அவரிடமே போங்கள். கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்வார். எனக்குச் செய்தார், அவருக்கு ஸ்தோத்திரம்.

எனக்காக யாரும் ஜெபிக்க வேண்டாம். சைமன் என்று பெயர் சொல்லி ஜெபியுங்கள். இல்லாத அந்தக் கால் அவனுக்கு இன்னும் வலிக்கிறது.