தனபால் வராத ஜூன் மாதம்

தனபால் போய்விட்டார். நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பி, ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. ஐம்பத்தோரு வயது.

எனக்கு எதையும் வரிசைப்படுத்தி எழுதித்தான் பழக்கம். இன்று காலை போனில் இப்படிக் குறித்துக்கொண்டேன்:

1. தனபால் யார்.
2. கல்லூரி அவரை எப்படி வைத்திருந்தது.
3. மூன்று நாள் பெயர்ப்பலகை.
4. கடைசியில் அவர் எனக்குச் செய்தது.

நான்காவதை எழுதலாமா என்று தயக்கம்தான். இறந்தவரைப் பற்றி... ஆனாலும் குறித்தாகிவிட்டது.

தனபால் எங்கள் கல்லூரி வரலாற்றுத் துறையில் கெஸ்ட் லெக்சரர். பதினாறு வருடம் கெஸ்ட். ஸ்ரீராம்புரத்துக்காரர், டாக்டர் பட்டம் வாங்கியவர்.

நான் துறைத் தலைவர், பர்மனென்ட். எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அவர் எது காலியோ அதில் உட்காருவார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு மார்ச்சிலும் கெஸ்ட் எல்லோருக்கும் 'பணியிலிருந்து விடுவிக்கிறோம்' என்று ஒரு கடிதம் தருவோம். ஜூனில் அவர்கள் மறுபடி விண்ணப்பம் போட்டு, நேர்காணலுக்கு வந்து, பத்து நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தொடர்ச்சியாக வேலை பார்த்தேன் என்று யாரும் உரிமை கேட்டுவிடக் கூடாது, அதற்காக.

நேர்காணல் செய்கிறவர்களில் நானும் ஒருவன். மார்ச் வரை பக்கத்தில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டவரிடம் ஜூனில், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பேன். அதுதான் முறை.

ஒரு வருடம் தனபால் சொன்னார்: "போன வருஷம் சொன்னதுதான் சார். ஒரு வயசு கூடியிருக்கு."

எல்லோரும் சிரித்தோம். நானும்.

பிறகு தர மதிப்பீட்டுக் குழு வந்த வருடம். பர்மனென்ட் ஆட்கள் போதவில்லை. பி.பி.ஏ.வுக்குப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது, வரலாற்றுக்கு ஆள் போட மனமில்லை. ஆகவே குழு இருக்கும் மூன்று நாளைக்கு, கணக்குக் காட்ட தனபாலுக்கு ஒரு பெயர்ப்பலகை அடித்தார்கள்: டாக்டர் தனபால், உதவிப் பேராசிரியர். என் அறைக் கதவில், என் பெயருக்குக் கீழே.

"மூணு நாள் பர்மனென்ட் சார். நாலாவது நாள் என்னைக் கேக்காதேன்னு வீட்ல சொல்லிட்டேன்" என்றார்.

நாலாவது நாள் அட்டெண்டர் அஞ்சனப்பா ஸ்க்ரூடிரைவரோடு வந்தார். கழற்றிய பலகையைத் துணியால் துடைத்தார். பிறகு, "நீவே இட்கொள்ளி சார்", நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில் சொல்லித் தனபாலிடமே கொடுத்துவிட்டார்.

எனக்கு அந்தத் தைரியம் எப்போதும் இருந்ததில்லை.

சரி, நான்காவது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஜூன். நேர்காணலுக்கு தனபால் வரவில்லை. அவர் பெயரைப் பட்டியலில் முதலாவதாக எழுதி வைத்திருந்தேன். பதினொன்றரை வரை காத்திருந்தோம்.

முதல்வர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க ஆளு பெரிய எடம் பிடிச்சுட்டாரு போல சார். ஒரு வார்த்தை சொன்னாரா பாருங்க."

உண்மையிலேயே ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய மூன்று பேப்பர்களையும் அந்த வருடம் நானே எடுத்தேன். பதினாறு வருடம் பழகிவிட்டு இப்படியா என்று இருந்தது. போன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை.

ஒரு வருடம் கழித்து மெட்ரோவில் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். "உக்காருங்க சார்."

"அடுத்த ஸ்டேஷன்ல இறங்கணும்" என்றேன். என் ஸ்டேஷனுக்கு இன்னும் நாலு இருந்தது. இறங்கிவிட்டேன். பிளாட்ஃபாரத்தில் நின்று திரும்பிப் பார்த்தபோது அவர் இன்னும் உட்காரவில்லை.

அதுதான் கடைசி.

இன்று மதியம் ஸ்ரீராம்புரம் போனேன். அலமாரியில் புத்தகங்களுக்கு முன்னால் அந்தப் பெயர்ப்பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அவர் மனைவி கலைவாணி என்னை அடையாளம் கண்டுகொண்டு உட்காரச் சொன்னார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அந்த ஜூனில் ஏன் வரவில்லை, வேறு இடம் கிடைத்திருந்தால் என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். சாவு வீட்டில் கேட்கிற கேள்வியா...

அவர் உள்ளே போய் ஒரு ஃபைலோடு வந்தார். பதினாறு மார்ச் கடிதங்கள், வருட வரிசையில். கடைசியானதை எடுத்துக் கொடுத்தார்.

அதே கடிதம்தான். ஆனால் அடியில் ஒரு வரி கூடுதல்: வகுப்புகள் குறைக்கப்படுவதால் வரும் ஆண்டுக்கு இவர் விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

அதற்குக் கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று முதல்வருடையது. இன்னொன்று என்னுடையது.

அந்த மார்ச்சில் ஆபீஸ் கிளர்க் ஐந்து கடிதங்களை அடுக்கி நீட்டியதும், நான் நின்றபடியே கையெழுத்துப் போட்டதும் ஞாபகம் இருக்கிறது. வருடா வருடம் அதே கடிதம். பெயரை மட்டும்தான் பார்த்தேன்.

முதல்வருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என்னோடு பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தார்.

"சாருக்கு போன் பண்ணிக் கேளுங்கன்னு நான் அவர்கிட்ட சொன்னேன் சார்" என்றார் கலைவாணி. "சார் படிக்காம எதுலயும் கையெழுத்து போட மாட்டாரு, தெரிஞ்சுதான் போட்டிருப்பாருன்னுட்டாரு."

வேலை போனபின் கோச்சிங் சென்டரில் சேர அவருக்கு எட்டு மாதம் ஆனதாம்.

போய் வாருங்கள், தனபால்.

காலையில் போட்ட குறிப்பை அழிக்காமல் விட்டிருக்கிறேன். அதில் நான்காவது தவறு.