செத்துப்போன கிரேஸ் கப்பல் ஏறினாள்

கிரேஸ் பந்தி நடத்தும் கல்யாணத்தில் யாரும் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில்லை. ஐயம்பேட்டையிலிருந்து இருபது பெண்களை ஷேர் ஆட்டோக்களில் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரத்து மண்டபங்களுக்கு வந்து இறங்குவாள். எல்லோருக்கும் ஒரே நிறப் புடவை, தலையில் வலை. அவள் கண்ணைக் காட்டினால் சாம்பார் வாளி நகரும். தாடையை அசைத்தால் ரசம் வரும். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் எதற்குச் சண்டை போட்டாலும் பரிமாறலுக்காகச் சண்டை வந்ததில்லை.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்தது பாத்திரம் கழுவ. புருஷன் ஜான்சன் கப்பல் வேலைக்குப் போன வருடம் அது. மகள் திரிஷா அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தாள். கொஞ்ச காலம் போன் வந்தது. பிறகு பண்டிகைக்கு மட்டும் வந்தது. பிறகு அந்த எண்ணே இல்லையென்று ஒரு பெண் குரல் இங்கிலீஷில் சொன்னது. கப்பலுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் கிரேஸ் நினைத்தாள். அவன் உயிருக்காக ஞாயிறுதோறும் கோயிலில் முழங்கால் போட்டாள். வருடங்கள் போகப் போக முழங்கால் போடுவது நின்றது. அவன் உயிரோடுதான் இருக்கிறான், வரமாட்டான், அவ்வளவுதான் என்று புரிந்துகொண்டாள்.

முழு விஷயம் தெரிந்தது தேவசகாயத்தால். அவன் ஜான்சனோடு ஒரே கப்பலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சலவைக் கடை போட்டிருந்தான். ஒரு கல்யாணத்தில் சாப்பிட உட்கார்ந்தவன், யாரோ கிரேஸைக் காட்டி "கப்பல்காரன் ஜான்சன் சம்சாரம்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, பாயசத்தை அப்படியே விட்டு எழுந்தான். கை கழுவும் இடத்தில் அவளை நிறுத்தினான்.

"அக்கா, நீங்க உயிரோடவா இருக்கீங்க?"

"இன்னாபா கேள்வி இது?"

"உங்களுக்கு நாங்க மெழுகுவத்தி கொளுத்தினோம்கா. மஞ்சக் காமாலைல செத்துட்டீங்கன்னு அவரு அழுதாரு. கப்பல்லயே ஜெபம் வச்சோம். அவரே பாட்டு பாடினாரு."

மீதியையும் அவன் சொன்னான். மனைவியை இழந்தவன் என்று எல்லோரும் ஜான்சன்மேல் இரக்கப்பட்டார்கள். அதிகம் இரக்கப்பட்டவர் சாப்பாட்டுக் கூடத்தின் மேலாளர், கோவாக்காரர் அல்வாரிஸ். தன் தங்கையையே அவனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார். கோவாவில் வீடு, இரண்டு பிள்ளைகள்.

கிரேஸ் அடுத்த பந்திக்குப் போய்விட்டாள். அன்று ஒரு குறையும் இல்லாமல் பரிமாறல் நடந்தது. ஆனால் அவன் தனக்காகப் பாடினான் என்பது மட்டும் மீன் முள்போலத் தொண்டையில் நின்றது. இவள் அவன் உயிருக்காக ஜெபம் செய்துகொண்டிருந்த அதே மாதங்களில் அவன் இவள் சாவுக்காக ஜெபம் நடத்தியிருக்கிறான். கோர்ட், போலீஸ் என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. அவன் எதிரில் ஒரு தடவை உயிரோடு போய் நிற்க வேண்டும். அந்த ஒரு ஆசையை யாரிடமும் சொல்லாமல் நான்கு வருடம் வைத்திருந்தாள்.

அதற்குள் திரிஷா படித்து, ஸ்ரீபெரும்புதூரில் வேலைக்குப் போய், கூட வேலை பார்த்த இளவரசனைக் கல்யாணமும் செய்துகொண்டாள். அவன் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். சைவம். அவன் அம்மா கலாவதி காந்தி ரோட்டில் பட்டுக்கடை ஒன்றில் புடவை காட்டுகிறவள். "பொண்ணோட அப்பா எங்க?" என்று உறவுக்காரர்கள் கல்யாணத்தில் குடைந்தபோது, "கப்பல்ல இருக்காரு, லீவு கிடைக்கல" என்று சம்பந்திக்காகப் பொய் சொன்னவள். கிரேஸுக்கு அவளைப் பிடிக்கும்.

போன வருடம் திரிஷாதான் பேச்சை எடுத்தாள். இரண்டு அம்மாக்களையும் கடல்மேல் கூட்டிப்போக வேண்டும் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் போனில் இரண்டு கப்பல்களைக் காட்டினாள். ஒன்று சென்னையில் கிளம்பி இலங்கையைச் சுற்றிவிட்டுச் சென்னைக்கே வருவது. இன்னொன்று சிங்கப்பூரில் ஏறி மலேசியா, தாய்லாந்து தீவுகளுக்குப் போவது. பெரியது. மொட்டை மாடியில் நீச்சல் குளமும் சறுக்கு மரமும் இருந்தன.

"சென்னைலயே ஏறி சென்னைலயே இறங்கிடலாம் அத்தை. ஃப்ளைட் அலைச்சல் இல்ல" என்றான் இளவரசன்.

"அதுல சைவத்துக்குத் தனி சமையக்கட்டு இருக்குதாம்" என்றாள் கலாவதி. "அந்தப் பெரிய கப்பல்ல பாம்பு, பல்லி எல்லாம் ஆக்குவானுங்க."

"பால்கனி ரூம் அதுலதான் அத்தை நல்லா இருக்குது" என்று திரிஷா மாமியாரிடம் வாதாடினாள். "மா, நீ எதுன்னு சொல்லு."

"சம்பந்திம்மா சாப்பாடுதான் முக்கியம். சென்னைக் கப்பலே போதும்" என்றாள் கிரேஸ்.

அடுத்த வாரம் புடவை இஸ்திரிக்குக் கொடுக்கப் போனவள், கப்பலில் இருந்த ஆளாயிற்றே என்று தேவசகாயத்திடம் இரண்டு பெயரையும் சொல்லி எது நல்லது என்று கேட்டாள். இரண்டாவது பெயரைக் கேட்டதும் அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"அந்த சிங்கப்பூர் கப்பல் வேணாம்கா."

"ஏன்பா, நல்லா இருக்காதா?"

"கப்பல் நல்ல கப்பல்தான். அவரு இப்ப அதுல இருக்காரு. அஞ்சாவது மாடி சாப்பாட்டு ஹால்ல வெயிட்டரு. மச்சான் அல்வாரிஸும் அங்கதான். போன மாசம்கூட போன்ல பேசினாரு. உங்களப் பாத்தத நான் சொல்லல."

அன்று மாலையே கிரேஸ் மகளைக் கூப்பிட்டாள். "திரிஷா, அந்தப் பெரிய கப்பலே போடுமா. எனக்கு பால்கனி வேணும்."

அம்மா வாழ்க்கையில் முதல்முறையாக வாய் திறந்து ஒன்றைக் கேட்கிறாள் என்று திரிஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இளவரசன் மறுபேச்சு பேசவில்லை. பருப்பும் சோறும் முன்கூட்டியே சொல்லி வைத்தால் செய்து தருவார்கள் என்று கலாவதியையும் சம்மதிக்க வைத்தார்கள். தன் ஆசைக்கு மகளின் சந்தோஷத்தை வண்டியாக்குகிறோம் என்று கிரேஸுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தாள்.

கப்பல் கிளம்பிய முதல் மாலை, மற்றவர்கள் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது அவள் தனியாக ஐந்தாவது மாடிக்குப் போனாள். வாசலில் நின்ற பெண்ணிடம், "ஜான்சன். டேபிள். ஃபோர் பீப்பிள். எவ்ரி டே" என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஏற்பாடு செய்தாள்.

கலாவதி பரிசாகக் கொடுத்திருந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ இல்லையே என்ற ஒரே குறையோடு கிரேஸ் மேசையில் உட்கார்ந்தாள். அவன் வந்தான். முன்நெற்றி ஏறியிருந்தது. கறுப்புக் கோட்டும் கழுத்தில் வில் முடிச்சு டையும். குரல் அதே குரல்.

"வணக்கம்மா. சென்னையா?"

அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஒல்லியாக இருந்த இருபத்திரண்டு வயதுப் பெண் இப்போது கனத்து, கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்தான். ஆனாலும் புதைத்தவன் முகத்தையாவது நினைவில் வைத்திருக்க வேண்டாமா? அவளுக்குள் மிச்சமிருந்த இரக்கம் ஏதாவது உண்டென்றால் அது அந்த நொடியில் போயிற்று.

"காஞ்சிபுரம்" என்றாள்.

"அப்படியா? காஞ்சிபுரத்துல எங்கமா?"

"ஐயம்பேட்டை."

சிரிப்பு அவன் வாயில் அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் அவளிடமிருந்து திரிஷாவுக்குப் போய், மறுபடி அவளிடம் வந்தன. அதன்பின் அவன் தமிழில் பேசவில்லை.

பரிமாறுகிறவனை எப்படி நோகடிப்பது என்று கிரேஸுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. திட்டினால் அவனுக்கு உறைக்காது, பழகிப்போனது. சாப்பிடாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கை தடுமாறும். அவள் அப்படியே பார்த்தாள். தண்ணீர் கேட்டாள். சூடு போதவில்லை என்று தட்டைத் திருப்பினாள். மறுபடி தண்ணீர் கேட்டாள்.

இரண்டாம் நாள் அவனுக்குப் பதில் வேறொருவன் வந்தான். "நோ. ஜான்சன்" என்றாள் கிரேஸ். அவன் வர வேண்டியதாயிற்று.

அன்று பகலில்தான் ஒரே அறையில் இருந்த கலாவதியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். கலாவதி மடித்துக்கொண்டிருந்த புடவையைக் கீழே வைத்தாள். பிறகு, "எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா சோறுகூட நான் கேட்டிருக்க மாட்டேன் சம்பந்திம்மா" என்றாள். இரவு மேசையில் பருப்பில் பூண்டு இருக்கிறதா என்று அவனை மூன்று தடவை சமையலறைக்கு நடக்கவிட்டாள்.

திரிஷா முட்டாள் அல்ல. வீட்டில் பெட்டிக்கடியில் கிடந்த கல்யாணப் போட்டோவைச் சின்ன வயதில் எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தவள். மறுநாள் காலை மேல்தளத்தில் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"மா, அந்த வெயிட்டர் யாரு?"

"உங்கப்பன்."

"இதுக்காகத்தான் இந்தக் கப்பல் கேட்டியா?"

"ஆமா."

"பால்கனின்னு சொன்ன. நான் எவ்ளோ சந்தோஷப்பட்டேன் தெரியுமா? என்னை ஏமாத்தி இட்டுக்கினு வந்திருக்க."

கிரேஸ் மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. மஞ்சள் காமாலை, மெழுகுவத்தி, பாட்டு எல்லாவற்றையும் சொன்னாள். திரிஷா கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தாள். கோபம் இறங்கவில்லை.

"சரி, நீ செத்துட்ட. நான்? நான் இன்னா ஆனேனாம்?"

"உன்னப்பத்தி அவன் பேசவே இல்லயாம். புள்ளையே இல்லன்னு சொல்லியிருக்கான்."

அதற்குப் பிறகு திரிஷா அம்மாவோடு சண்டை போடவில்லை. பேசவும் இல்லை.

கடைசி இரவு. சாப்பாடு முடிந்து இனிப்பு வந்தபோது திரிஷா தன் போனை அவனிடம் நீட்டினாள். "சார், ஒரு ஃபேமிலி போட்டோ எடுங்க."

அவன் போனை வாங்கினான்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். எங்க குடும்பம் முழுசா வரணும்."

இளவரசனுக்கு அப்போதுதான் ஏதோ விளங்கி, மனைவியின் தோளில் கை வைத்தான். அந்த நேரத்தில் மேலாளர் அல்வாரிஸ் ஒவ்வொரு மேசையாக நலம் விசாரித்துக்கொண்டு வந்தார். வெள்ளை மீசை, கனிவான முகம். சாப்பாடு நன்றாக இருந்ததா என்று கேட்டார்.

கிரேஸ் எழுந்து நின்றாள். நான்கு வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த இங்கிலீஷ் அது.

"மை நேம் கிரேஸ். ஜான்சன் ஒய்ஃப். டெட் ஒய்ஃப்."

அவர் புரியாமல் சிரித்தார். கலாவதி புடவை விற்கும் இங்கிலீஷோடு உள்ளே வந்தாள். "ஃபஸ்ட் ஒய்ஃப் சார். சர்ச் மேரேஜ். திஸ் டாட்டர். ஹண்ட்ரட் பர்சன்ட் ஒரிஜினல்."

பிறகு திரிஷா நிறுத்தி நிதானமாக, ஒரு வார்த்தை பிசகாமல் எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னாள். கல்யாணப் போட்டோவைக் கிரேஸ் தன் போனில் பிடித்து வைத்திருந்தாள். அதையும் காட்டினாள். அல்வாரிஸ் போட்டோவைப் பார்த்தார். ஜான்சனைப் பார்த்தார். "நீதானே பாடினாய்?" என்று மட்டும் இங்கிலீஷில் கேட்டார். அவன் திரிஷாவின் போனை மேசைமேல் வைத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் நடந்தான். அவர் பின்னாலேயே போனார்.

காலையில் எல்லோரும் பெட்டிகளோடு இறங்க வரிசையில் நின்றபோது, சாதாரணச் சட்டையில் அவன் வந்தான். இரவெல்லாம் தூங்காத முகம்.

"ஏன் கிரேஸ் இப்டி பண்ண? அங்க ரெண்டு பசங்க இருக்குது. நீ என்கிட்ட தனியா கேட்டிருக்கலாமே."

"உன்கிட்ட கேக்கறதுக்கு எனக்கு இன்னா இருக்குது? ஒண்ணே ஒண்ணு இருக்குது. என் ஜெபத்துல பாடினியாமே, அது இன்னா பாட்டு?"

அவன் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தான்.

"பாடு. அன்னிக்கு நான் இல்ல. இப்ப கேக்கறேன்."

"கிரேஸ், ஜனங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும். பாடு."

வரிசை நகர்ந்தது. இளவரசன் பெட்டியைத் தள்ளாமல் நின்றான். ஜான்சனின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கிரேஸ் அவனுக்கு அவகாசம் கொடுத்தாள். பின்னால் வந்த சீனக் குடும்பம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கடைசியில் அவன் கையால் முகத்தை மூடிக்கொண்டான். அவள் பார்த்தது போதும் என்றானபிறகுதான் பெட்டியை எடுத்தாள்.

ஊர் வந்த பிறகும் திரிஷா சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் கீரை வடையோடு வந்து உட்கார்ந்து, "அடுத்த தடவை சொல்லிட்டு செய்" என்றாள். அதோடு அது முடிந்தது. ஜான்சனைக் கப்பலிலிருந்து இறக்கி அனுப்பிவிட்டார்கள் என்றும், கோவா வீட்டில் அவன் துணிமணி தெருவில் கிடந்தது என்றும் தேவசகாயம் செய்தி கொண்டுவந்தான். கிரேஸ் அன்று இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டாள். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமும் இல்லை.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தம் முடிந்த வாரத்தில் திரிஷா கப்பலில் அல்வாரிஸிடம் கொடுத்திருந்த எண்ணுக்கு ஒரு அழைப்பு வந்தது. கோவாவிலிருந்து. அல்வாரிஸின் தங்கை பிலோமினா. ஸ்பீக்கரில் அழுதுகொண்டே இங்கிலீஷில் நிறையப் பேசினாள். திரிஷா போனைக் கையால் மூடிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"அவன்மேல போலீஸ்ல எழுதிக் கொடுத்திருக்காங்களாம்மா. மொத கல்யாணம் நடந்ததுக்கு நீ நேர்ல வந்து சாட்சி சொன்னா அவனை உள்ள தள்ளிடலாம்னு வக்கீல் சொல்றாராம். உன்னைக் கேக்கறதுக்கே வாய் வரலன்னு அழறாங்க."

தன்னைச் சாகடித்துவிட்டு அவன் கட்டிக்கொண்ட பெண் என்று கிரேஸ் அவளை நான்கு வருடம் வெறுத்திருந்தாள். இப்போது அந்தக் குரலைக் கேட்டால், பந்தியில் சாம்பார் வாளியைக் கொட்டிவிட்டு நிற்கும் புதுப் பெண்ணின் குரல்போல இருந்தது.

"அழ வேணாம்னு சொல்லு" என்றாள். "ஆடி பொறந்தா மண்டபமெல்லாம் சும்மாதான் கிடக்கும். வரேன்னு சொல்லு. எந்த கோர்ட்டுனு கேட்டு வச்சுக்கோ."